எட்டு நாள் பழகிய வண்டி

காலையில் எழுந்ததும் சென்னியப்பன் முதலில் போய்ப் பார்ப்பது மூச்சு மீட்டரை. செம்பாளையத்தில் எல்லோரும் அப்படித்தான். பல் தேய்ப்பதும் காப்பி போடுவதும் அதற்கப்புறம். முந்தின நாள் வீட்டில் எவ்வளவு காற்று செலவாயிற்று என்பது சமையலறைச் சுவரில் பச்சை எழுத்தில் நிற்கும். அளவு கூடியிருந்தால் யாரோ தேவையில்லாமல் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறார்கள், இல்லை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடந்திருக்கிறது, இல்லை விருந்தாளி வந்து நெடுநேரம் பேசியிருக்கிறார் என்று பொருள். செவ்வாய்க் கிரகத்தில் வந்தவருக்குக் காப்பி கொடுப்பது பெரிய உபசாரமில்லை. "இருந்து பேசிட்டுப் போங்க" என்று சொல்வதுதான் உபசாரம்.

சென்னியப்பன் வீட்டு மீட்டர் இரண்டு வருஷமாகப் பாதிதான் ஓடுகிறது. அவர் மனைவி சாந்தாமணி கணக்கு டீச்சர். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனிப்பாளையத்துப் பள்ளிக்கு அவளை மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போவாள். ஒரே மகன் ஃபோபாஸ் நிலவில் வேலை பார்க்கிறான். அவன் மூச்சுக்கு அங்கே அவனே கட்டிக்கொள்கிறான். ஆகவே வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் ஒருவர் மூச்சுதான். பாதிக் கட்டணத்தைப் பார்த்ததும் சென்னியப்பனுக்கு முதலில் ஒரு சந்தோஷம் வரும். மிச்சப்பட்ட பாதி யாருடையது என்பது அப்புறம் நினைவுக்கு வரும். அதன்பின் காப்பி இறங்காது.

இந்த ஊர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். செவ்வாயின் மண்ணுக்கடியில் கிடக்கும் பனியை உருக்கி மேலே ஏற்ற பம்பு வேண்டியிருந்தது. பம்பு என்றால் வேறு யார், கோயம்புத்தூர்க்காரர்கள்தான். வேலை முடிந்ததும் திரும்பிவிடுவதாகத்தான் ஒப்பந்தம். திரும்பும் செலவையும் இங்கேயே இருந்துவிடும் செலவையும் அவர்கள் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். அப்படித்தான் இங்கே ஊர்கள் உண்டாயின. பெரிய கண்ணாடிக் கவிகை ஒன்று, அதன் அடியில் ஓர் ஊர். கவிகைக்குள் எங்கேயும் நடந்தே போய்விடலாம். ஒரு கவிகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் வண்டி.

சிக்கல் தூசிக்காலத்தில். அது தொடங்கிவிட்டால் நாலு மாதம் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. வெயிலைக் குடித்து ஓடும் பஸ் நின்றுவிடும். மின்வண்டிகளும் அப்படியே. ஊரில் சேமித்த மின்சாரம் மூச்சு எந்திரங்களுக்குத்தான், வண்டிகளுக்கு ஒரு சொட்டுக் கிடைக்காது. போன தூசிக்காலத்தில் சாந்தாமணி நாலு மாதமும் பனிப்பாளையத்துப் பள்ளி விடுதியில் ஒரு கட்டிலில் கிடந்தாள். தினமும் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். "சாப்டீங்களா?" "சாப்டேன், நீ?" அதற்குமேல் இருவருக்கும் திரையில் பேச வராது.

அந்தத் தூசி அடங்கிய வாரம்தான் சாந்தாமணி ஈராற்றல் வண்டிப் பேச்சை எடுத்தாள். ஈராற்றல் வண்டி இரண்டிலும் ஓடும். வெயில் உள்ளபோது மின்கலம், இல்லாதபோது மீத்தேன் எஞ்சின். தூசிக்காலத்திலும் தினமும் போய்வரலாம். நாலு பேர் உட்காரும் குடும்ப வண்டி. விலைதான் மின்வண்டியைப்போல ஒன்றரை மடங்கு.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் சென்னியப்பன். யோசித்தார். பதினெட்டு மாதம் யோசித்தார்.

அவர் கஞ்சரில்லை. மகன் படிப்புக்கு யோசிக்காமல் கொடுத்தவர்தான். ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவர். ஆறே இல்லாத கிரகத்தில் அளப்பது மட்டும் மிஞ்சிவிட்டது. அவருடைய காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு கணக்கன் பதிந்திருக்கிறது. கேட்ட கணக்கைக் காதோடு சொல்லும். ஈராற்றல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்று அதைக் கேட்டார். தினமும் ஓட்டினால் நாலு வருஷம், வாரம் ஒருமுறை ஓட்டினால் இருபத்தெட்டு வருஷம் என்றது. அதாவது அதிகம் ஓட்டினால்தான் மிச்சம். ஓட்டாமலே இருந்தால் அதைவிட மிச்சம். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கணக்கு முதலில் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும்.

பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவையும் விசாரித்தார். நாச்சிமுத்து மின்வண்டிக்காரர்.

"மின்வண்டியே போதுமுங்கண்ணா" என்றார் நாச்சிமுத்து. "இங்க வெளிக்காத்துல எஞ்சின் எரியாது. மீத்தேனையும் சுமக்கோணும், அத எரிக்கற உயிர்வளியையும் புட்டில சுமக்கோணும். எஞ்சின் மூச்சு வுடறதுக்கும் நீங்கதான் காசு குடுக்கோணும்."

"தூசிக்காலத்துல உங்க வண்டி நின்னுருமே?"

"தூசிக்காலத்துல எதுக்குங்கண்ணா வெளிய போறீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. சென்னியப்பன் மறுபடியும் யோசிக்கப் போனார்.

ஒரு புதன்கிழமை சாந்தாமணி திரையில் வந்தாள். வழக்கமாகக் கேட்கும் "சாப்டீங்களா" இல்லை. அவளுக்குப் பின்னால் பனிப்பாளையத்து வானம் பழுப்பாகத் தெரிந்தது.

"தூசி கெளம்பிருச்சுங்க. பஸ்ஸு இன்னையோட நிறுத்தீட்டாங்க."

"அப்படியா. அடுத்த தூசிக்காலத்துக்குள்ள வண்டி வாங்கிரலாம்னு இருக்கறேன்."

"இங்க டீச்சர்களுக்குக் குவார்ட்டர்ஸ் குடுக்கறாங்க. தனி வூடு. வாங்கிட்டா மூணு வருஷத்துக்குக் காலி பண்ணக் கூடாது. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி சாயங்காலம் கையெழுத்துப் போடோணும்."

சென்னியப்பன் விரல்விட்டு நாள் எண்ணினார்.

"அதுக்குள்ள வண்டி வந்தா தெனமும் வந்து போறேன். இல்லீனா இங்கயே இருந்துக்கறேன். ஸ்கூல்ல நான் கணக்குச் சொல்லிக் குடுக்கறேன், வூட்ல நீங்க கணக்குப் போடறீங்க. ரெண்டுக்கும் நடுவுல பஸ்ஸுல போயிட்டே இருக்கறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வினையே அதில்தான். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் கத்திச் சொன்ன எதையும் அவர் செய்ததில்லை. மெதுவாகச் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

மறுநாள் காலையிலேயே வண்டிக் கடைக்குப் போனார். விற்பனையைக் கவனித்த பெண்ணின் பெயர் மகிழினி. வயது இருபத்துச் சொச்சம் இருக்கும். அவர் ஒவ்வொரு மாதமும் வந்து எல்லா வண்டிகளின் கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போகிறவர் என்பதால் அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எட்டு நாள் உங்க வூட்லயே வெச்சுப் பாருங்க மாமா" என்றாள். "புடிக்கலீனா திருப்பிரலாம், காசு கெடையாது. ஆனா ஒண்ணு. இந்த வண்டிக்குப் பழகுமூளைன்னு ஒண்ணு இருக்குது. எட்டு நாளும் உங்க வூட்டுப் பேச்சு, பழக்கம், நல்லது கெட்டது எல்லாத்தையும் பாத்து அப்படியே கத்துக்கும். வூட்டுல ஒரு ஆளாட்ட ஆயிரும். அதனால நல்லதா நாலு வார்த்தை பேசுங்க அது முன்னால."

இவ்வளவும் சொன்னாள். சென்னியப்பன் காதில் விழுந்தது 'காசு கெடையாது' என்ற இடம் வரைதான்.

வண்டி அன்றே வந்து வீட்டுக் கொட்டகையில் நின்றது. வெளிர்நீல நிறம், ஆறு சக்கரம். "வணக்கம். தங்கள் பயண விருப்பத்தைத் தெரிவியுங்கள்" என்று கடைத் தமிழில் பேசியது. கூட வந்த மகிழினி இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப் போனாள்.

"கிழிச்சிராதம்மிணி" என்று பதறினார் சென்னியப்பன். "விக்கும்போது வெலை போயிரும்."

இன்னும் வாங்கவே இல்லாத வண்டி. முகப்பில் ஒரு சின்ன நீல விளக்கு ஒருமுறை மினுக்கிற்று. பழகுமூளை தன் முதல் பாடத்தைப் பதிந்துகொண்டது.

பிறகு பூஜை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். கண்ணாடிக் கவிகையில் விளைந்த எலுமிச்சை என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சென்னியப்பன் பழத்தை வைத்தார், கும்பிட்டார், வண்டி நகருமுன் குனிந்து எடுத்துக்கொண்டார். "சாமிக்குக் காட்டியாச்சு, ரசத்துக்கு ஆகும்" என்றார். நீல விளக்கு மினுக்கிற்று.

எட்டு நாளும் அப்படியே போயின. காலையில் ஈரத்துணியால் துடைத்தார். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தார். மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினார். கத்தரிக்காய்ப் பண்ணையில் அவருக்கு வேலை. அங்கே போகக் கிளம்பினால், ஏறிக்கொள்கிறீர்களா என்று வண்டி ஆவலாகக் கேட்கும். "நடந்தே போயிக்கறேன். அவசியமில்லாத பயணம் எதுக்கு" என்பார். சந்தைக்கு? "பை ரெண்டுதான, தூக்கிட்டு வந்துருவேன்." கவிகையின் ஓரமாக ஒரே ஒரு சுற்று, மைலேஜ் பார்க்க. அதிலும் இறக்கம் வந்ததும் எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

வண்டியைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்களெல்லாம் கேட்ட முதல் கேள்வி மைலேஜ், இரண்டாவது விலை. ஒருநாள் சாயங்காலம் நாச்சிமுத்து போர்வையை ஓரமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்காளைக் கூட்டியாந்தர்லாமுன்னு பாக்கறீங்க. நல்லதுதானுங்க."

நாலு பேர் முன்னால் பெண்டாட்டிக்காக ஏங்குகிறவராகத் தெரியலாமா? சென்னியப்பன் தோளைக் குலுக்கினார். "அவ வந்தா மூச்சுக் கட்டணம் ரெட்டிப்பு. அதையும் சேத்தல்ல பாக்கோணும். இப்ப வூடு நிம்மதியாத்தான் இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டது கொட்டகையில் நின்ற வண்டிக்குத் தெரியாது. அதற்குக் கேட்டது பேச்சு மட்டும்தான்.

மூன்றாம் நாள் வண்டி 'தாங்கள்' என்பதை விட்டது. ஐந்தாம் நாள் 'ஏனுங்க' என்றது. எட்டாம் நாள் சென்னியப்பன் கொட்டகை விளக்கைப் போட்டதும், "வெளக்கு எதுக்குங்க, எனக்கு இருட்டுலயும் தெரியுமே" என்றது. சென்னியப்பனுக்கு மனம் பூரித்துப்போய்விட்டது. இப்படி ஒரு பிள்ளை தனக்குப் பிறக்கவில்லையே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். கடைக்குப் போய்க் காசைக் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியமே குளித்து, பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு, போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. கவிகைக்கு வெளியே வானம் செங்கல் தூளாக இருந்தது. சாந்தாமணியிடம் சொல்லவில்லை. திடீரென்று போய் நிற்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

"பனிப்பாளையம் போலாம்."

வண்டி அசையவில்லை. "எதுக்குங்க?" என்றது.

"எதுக்குன்னா? போறதுக்குத்தான்."

"போறதுக்குன்னே போறது அவசியமில்லாத பயணமுங்க. நீங்க சொன்னதுதான்."

சென்னியப்பன் சிரித்துக்கொண்டார். "அது சும்மா சொன்னது சாமி. இது அவசியம். ஊட்டுக்காரியக் கூட்டியாரோணும்."

"நல்லதுங்க. செலவு வரவு பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டி பதிலுக்குக் காத்திராமல் தொடங்கிற்று. "அம்மிணி வந்தா மூச்சுக் கட்டணம் ரெட்டிப்பு. தெனமும் போக வர மீத்தேன். அதை எரிக்க உயிர்வளி. அப்புறம் சக்கரத் தேய்மானம். வரவுப் பக்கம் என்னங்க போடறது?"

"அவ சம்பளம் வருதே."

"அது அங்கிருந்தும் வருமுங்களே."

"சமையல்..."

"நீங்களே நல்லா சமைக்கறீங்க. அந்த எலுமிச்சம்பழ ரசம் கொட்டகை வரைக்கும் மணத்துச்சுங்க."

"அட, பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு வேண்டாமா?"

"இப்ப வூடு நிம்மதியா இருக்குதுன்னு சொன்னீங்களே."

சென்னியப்பன் எதிர்த்துப் பேச வாயெடுத்தால் எதிரே நிற்பது அவர் சொன்ன வார்த்தையே. வேறு யாராவது சொன்ன நியாயமாக இருந்தால் மடக்கிவிடலாம். தன் சொந்த நியாயத்தை எப்படி மடக்குவது? "உத்தரவுன்னே வெச்சுக்க. போ" என்றார் கொஞ்சம் கடுமையாக.

"போறேனுங்க. வேண்டாங்கல. பக்கத்து வூட்டு வண்டிகிட்டயும் ஒரு வார்த்தை விசாரிச்சுக்கலாமுன்னு கூப்புட்டேன். அது தூசிக்காலத்துக்குத் தூங்கப் போயிருச்சுங்க. முழிச்சதும் கேட்டுப்போட்டு, ரெண்டு பக்கமும் வெச்சுப் பாத்து, யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றால் எவ்வளவு நாள் என்பது சென்னியப்பனைவிட யாருக்குத் தெரியும்? மகிழினியைத் திரையில் கூப்பிட்டார். வண்டி கிளம்ப மறுப்பதைச் சொன்னார்.

"நாந்தான் சொன்னேனே மாமா" என்றாள் அவள். "எட்டு நாள்ல அந்த மூளை இறுகிருமுங்க. கழட்டி வேற மாட்டோணும்னா ஃபோபாஸ்ல இருந்து வரோணும், ரெண்டு மாசம் ஆகும். இப்ப அது உங்களாட்டவே யோசிக்கும். ஒண்ணு பண்ணுங்க. நீங்க இப்படி ஒத்தக்கால்ல நின்னா, என்ன சொன்னா உங்க மனசு எறங்கும்? அதச் சொல்லிப் பாருங்க."

சென்னியப்பன் இதையும் யோசித்தார். என்ன சொன்னால் தன் மனம் இறங்கும்? எண்களுக்கு இறங்காது. பதினெட்டு மாதம் எண்களோடுதானே குடித்தனம் நடத்தினார். எந்த வண்டி, என்ன நிறம், எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும் என்று எல்லாவற்றையும் அவர் கேட்டிருக்கிறார். எங்கே போக, யாரைப் பார்க்க என்று மட்டும் தன்னைத்தானே ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பூமியில் கோடிக்கணக்கான கார்கள் ஓடிய காலத்திலும் யாரும் அதைக் கேட்டுக்கொண்டு கார் வாங்கியதில்லை. கேட்கும்படி ஒரு காரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் பாதிக் கார்கள் ஷெட்டைத் தாண்டியிருக்காது.

"இங்க பாரு சாமி" என்றார் கடைசியில். கொட்டகைக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு நிம்மதின்னு சொன்னது பொய்யி. நாலு பேரு நின்னாங்க, சொன்னேன். அவ இல்லாத வூட்ல எனக்குக் காப்பி எறங்கறதில்ல. ராத்திரி ரெண்டு தட்டு எடுத்து வெச்சுட்டு ஒண்ணத் திருப்பி வெக்கறேன். மீட்டரு பாதி ஓடுதுன்னு பீத்திக்கறேன், அந்தப் பாதி மூச்சு எனக்கே பத்தறதில்ல. இத்தன மிச்சம் புடிச்சு ஆருக்கு வெக்கறேன்னு தெரியல. அவ சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டா, மூணு வருஷம். எனக்குப் பயமா இருக்குது."

வண்டியின் நீல விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது.

"இத எட்டு நாள்ல ஒருக்காக்கூடச் சொல்லலீங்களே" என்றது.

"ஆரும் கேக்கல."

"அம்மிணிகிட்ட?"

"அவகிட்டயும் சொல்லல."

"இத எந்தப் பக்கமுங்க போடறது? செலவுலயா, வரவுலயா?"

"தெரியல."

"எந்தப் பக்கம் போடறதுன்னு தெரியாம இவ்வளவு பெருசா ஒண்ண வெளிய வுட்டுட்டுக் கணக்குப் போட்டிருக்கறமுங்க. அப்ப மொத்தக் கணக்கும் தப்புங்களே" என்றது வண்டி. அதன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அடுத்த நொடி, மீத்தேன் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

கவிகையின் இரட்டைக் கதவைத் தாண்டியதும் பாதை இல்லை, வானம் இல்லை, எங்கும் ஒரே தூசி. வண்டி தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போயிற்று. இறக்கங்களில் எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டது. இந்த ஒரு பாடத்தை மறந்துவிடச் சொல்லலாமா என்று சென்னியப்பன் வாயெடுத்தார். பேச்சை வளர்த்தால் நின்றுவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்.

பனிப்பாளையத்துக் கதவுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பள்ளி வாசலில் சாந்தாமணி நின்றிருந்தாள். ஒரு கையில் பை, மறு கையில் சாவி.

சென்னியப்பன் வண்டிக்குள்ளிருந்தே அந்தச் சாவியைப் பார்த்தார். அவளே வந்து கதவைத் திறந்தாள். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"வாங்கீட்டீங்களா?"

"வாங்கீட்டேன். கையெழுத்து..."

"வூட்டப் பாத்துட்டு வாங்கன்னு சாவி குடுத்தாங்க. இனித்தான் போய்ப் போடோணும்."

ஏறி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள், சாவியைக் கையில். சென்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "போலாம் சாமி" என்றார்.

வண்டி நகரவில்லை.

"அம்மிணி, வணக்கமுங்க" என்றது. "அய்யா எதுக்கு வந்தாருங்கறது எனக்குத் தெரியும். நீங்க எதுக்கு வர்றீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா பொறப்பட்டரலாமுங்க."

சாந்தாமணி திகைத்துப் புருஷனைப் பார்த்தாள். அவர் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். கொட்டகையில் வண்டியிடம் சொன்ன அத்தனையையும் இங்கே இவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டியிடம் சொல்வது வேறு, பெண்டாட்டியிடம் சொல்வது வேறு. அவர் வேட்டிக் கரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் கேள்வியை யோசித்தாள். சாவியைப் பார்த்தாள். ஜன்னல் வழியே, டீச்சர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளைப் பார்த்தாள். தினமும் நூற்றி நாற்பது கிலோமீட்டர் தூசியை நினைத்தாள் போலும். கடைசியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரை, தலைமுதல் கால்வரை, கடையில் சாமான் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்த்தாள்.

"கொஞ்சம் பொறு கண்ணு" என்றாள் வண்டியிடம். "ரெண்டு பக்கமும் பாத்துத்தான் சொல்லோணும்."

பதினெட்டு மாதம் தராசைப் பிடித்துக்கொண்டிருந்த சென்னியப்பன் இப்போது தட்டில் உட்கார்ந்திருந்தார். அங்கே உட்கார்வது எப்படி இருக்கும் என்பது அவருக்கு இதுவரை தெரியாது. எடை போடுகிறவர் எவ்வளவு நேரம் எடுப்பார் என்று தட்டுக்குத் தெரிவதில்லை. கேட்கவும் முடிவதில்லை. இதே இடத்தில்தான் அவள் பதினெட்டு மாதம் உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்கு உறைத்தபோது முகம் சுருங்கிப்போயிற்று.

சொல்ல வராத மனிதர் செய்யத் தெரிந்ததைச் செய்தார். சாய்ந்து, அவள் தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், அவள் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் நெம்பிப் பிடித்து, பரபரவென்று கிழிக்கத் தொடங்கினார்.

"அய்யய்யோ, என்னங்க பண்றீங்க" என்று அவர் கையைப் பிடித்தாள் சாந்தாமணி. "கிழிக்காதீங்க, விக்கும்போது வெலை போயிரும்."

"விக்கறதுக்கா வாங்குனேன்? நீ உக்கார வாங்குனேன்" என்றார் சென்னியப்பன். கிழிப்பதை நிறுத்தவில்லை.

எஞ்சின் உறுமியது. வண்டி திரும்பிக் கவிகைக் கதவை நோக்கி நகர்ந்தது.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் சாந்தாமணி.

"சொல்லிட்டீங்க அம்மிணி" என்றது வண்டி. "வெலை போயிருமேன்னு வெசனப்பட்டீங்களே. ஊரான் வண்டிக்கு ஆருங்க அப்படி வெசனப்படுவாங்க?"

"சாவியக் குடுத்துட்டாவது வரோணுமே."

"திங்கக்கெழமை காலைல எப்படியும் இங்கதான வரப்போறோம். அப்பக் குடுத்துக்கலாமுங்க. இப்பத் திரும்புனா மீத்தேன் வீண்."

அவள் சிரித்துவிட்டாள். சாவியைப் பைக்குள் போட்டாள். கிழிந்த பிளாஸ்டிக் அவள் மடியிலும் அவர் வேட்டியிலுமாகக் கிடந்தது. சாந்தாமணி அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கி, நீவிவிட்டு, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்காச்சும் ஆகும்" என்றாள்.

எதுக்குங்க என்று வண்டி கேட்கவில்லை.